ஞாயிறா, பரிதியா? குறுக்கெழுத்துப் பழகப்போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் காலைப் பேப்பர் வந்ததும் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். அப்பாவுக்கு முன்பக்கம், அம்மாவுக்கு மரண அறிவித்தல், குறுக்கெழுத்து இருக்கும் பக்கம் அம்மம்மாவுக்கு. அம்மம்மா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் தேத்தண்ணி ஆறுவதற்குள் அரைவாசிக் கட்டத்தை நிரப்பிவிடுவார். இதற்கு நிறையச் சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்து நான் நீண்டகாலம் கிட்டப் போகவே இல்லை. ஒருநாள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அவர் குறிப்பை ஒருமுறைதான் வாசித்தார். மிச்ச நேரமெல்லாம் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பு கேள்வியை மட்டும்தான் கேட்கும், விடையில் பாதியைச் சொல்வது கட்டம். அந்தப் பாதியை எப்படி வாங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை: பென்சில், அழிறப்பர், ஒரு கொப்பி. பேனை வேண்டாம். சரியென்று நினைத்து எழுதியதை அழிக்கும் வேலைதான் இதில் அதிகம். வீட்டுக்குப் பேப்பர் வராதவர்கள் ஊர் சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ பார்க்கலாம். ஆனால் பொதுப் பேப்பரில் ஒரு எழுத்துக்கூட எழுதாதீர்கள். உங்களுக்குப் பிறகு வருபவரும் அதைத் தேடித்தான் வருவார். கணிதத்துக்குப் பாவிக்கும் சதுரக்கோட்டுக் கொப்பியில் கட்டத்தைப் பார்த்துக் கீறிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். கீறும்போதே கட்டம் மனதில் பதிந்துவிடும் என்பது இன்னொரு லாபம்.

எழுத்தை எண்ணுவது

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. கொம்பு, கால், விசிறி எத்தனை இருந்தாலும் எழுத்து ஒன்றுதான். 'கொ' பார்வைக்கு மூன்று உருவமாகத் தெரியும், ஆனால் ஒரு கட்டம். புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் கட்டம் உண்டு. யாழ்ப்பாணம் என்பதை விரல் விட்டு எண்ணுங்கள்: யா, ழ், ப், பா, ண, ம். ஆறு கட்டம். ழ், ப் இரண்டையும் விட்டுவிட்டு நாலு என்று எண்ணினால் அன்றைய கட்டமே குழம்பிப்போகும்.

ஆங்கிலத்தில் எழுத்து 26. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இரண்டு சொற்கள் வெட்டும் இடத்தில் எழுத்து அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். 'க' இருக்கிற கட்டத்தில் 'கா' செல்லாது, குறில் நெடில்கூட மாறக் கூடாது. இதைக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள், இது பெரிய உதவி. வெட்டும் இடத்தில் ஒரு எழுத்துக் கிடைத்தாலே 246 எழுத்துகள் கழிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து அவ்வளவு சொல்லாது.

எண்ணத் தெரிந்தாலே பிடிபடும் குறிப்புகளும் உண்டு. 'சமயகுரவருள் ஒருவர்' என்று ஒரு குறிப்பு. அப்பர் நாலு, சுந்தரர் ஐந்து, சம்பந்தர் ஆறு, மாணிக்கவாசகர் எட்டு. நால்வருக்கும் நாலு வேறு நீளம்! கட்டத்தை எண்ணினால் முடிந்தது. ஐம்பெருங்காப்பியம் கேட்டால் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். குண்டலகேசி மட்டும் ஆறு கட்டம். மணிமேகலையும் வளையாபதியும் ஐந்து, சிலப்பதிகாரமும் சீவகசிந்தாமணியும் எட்டு. ஒரு வெட்டெழுத்துக் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். எங்கள் ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். யாழ்தேவி ரயிலில் அடுத்தடுத்து வரும் கொக்குவிலும் கோண்டாவிலும் ஐந்தைந்து கட்டம், இரண்டும் 'வில்' என்றே முடியும். முதற் கட்டத்தில் கொவா கோவா என்பதுதான் வழக்கைத் தீர்க்கும்.

முதல் ஓட்டம்

பேனையை ஒளித்துவைத்துவிட்டு, குறிப்புகளை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று ஒருமுறை முழுதாக வாசியுங்கள். எதையும் யோசிக்க நிற்காதீர்கள். வாசித்த உடனே தெரிவதை மட்டும், அதுவும் கட்டக் கணக்குச் சரியாக இருந்தால் மட்டும், எழுதுங்கள். பழமொழியில் விடுபட்ட சொல், தலைநகரம், எதிர்ச்சொல், முக்கனி அறுசுவை போன்ற தொகைகள் எல்லாம் இந்த ஓட்டத்தில் விழும். மூன்று நாலு சொல் கிடைத்தால் போதும். அதற்குமேல் முதல் ஓட்டத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

குறிப்பின் வால் எப்படி முடிகிறது என்றும் பாருங்கள். 'பாடுபவர்' என்று குறிப்பு இருந்தால் விடை ர் என்று முடிய இடமுண்டு. 'ஓடினான்' என்றால் விடையும் ன் என்று முடியும் இறந்தகால வினையாகத்தான் இருக்கும். குறிப்பு பன்மை என்றால் கடைசி இரண்டு கட்டத்தில் 'கள்' என்று மெல்லிதாக எழுதிவைக்கலாம்.

இன்னொரு விசயம். இந்தியப் பத்திரிகைக் கட்டமும் இலங்கைப் பத்திரிகைக் கட்டமும் ஒரே சொல்லைக் கேட்பதில்லை. இருக்கை என்ற குறிப்புக்கு மூன்று கட்டம் என்றால் எங்களுக்குக் கதிரை, நாலு கட்டம் என்றால் நாற்காலி. கந்தோர் நாலு, அலுவலகம் ஆறு. போர்த்துக்கேயர் விட்டுப்போன கதிரை, அலுமாரி, சப்பாத்து, ஒல்லாந்தர் விட்டுப்போன கந்தோர் எல்லாம் எங்கள் கட்டங்களுக்குள் உரிமையோடு வரும். எந்த ஊர்ப் பேப்பர் என்று பார்த்துக்கொண்டு யோசியுங்கள்.

தமிழ் தரும் சட்டங்கள்

இலக்கண வகுப்பில் பரீட்சைக்கென்று பாடமாக்கிவிட்டு மறந்துபோன விதிகள் இங்கே கைகொடுக்கின்றன. எனக்கு நன்னூல் பிடித்துப்போனதே குறுக்கெழுத்தால்தான்.

எந்தத் தமிழ்ச் சொல்லும் மெய்யில் தொடங்காது. ண, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகளும் முதலில் வராது. ட, ர, ல மூன்றும் தமிழுக்கு முதலெழுத்து அல்ல, ஆனால் ரதம், லாபம் போல வெளியிலிருந்து வந்த சொற்களில் வரும். ஆகவே ஒரு கட்டத்தில் எண் போட்டிருந்தால், அதாவது அங்கே ஒரு சொல் தொடங்கினால், அதில் ஆரம்பத்திலேயே எழுத முடியாத எழுத்துகள் ஏராளம். சொல்லின் முதலில் ந வருமா ன வருமா என்ற சந்தேகமும் வேண்டாம், எப்போதும் ந தான்.

சொல் முடியும் இடத்தில் க், ச், ட், த், ப், ற் ஆறும் வராது. பாரிஸ், கிரிக்கெட் போன்ற பிறமொழிப் பெயர்களை விட்டுவிடுங்கள். மற்றப்படி கடைசிக் கட்டத்தில் மெய் இருந்தால் பெரும்பாலும் ம், ன், ர், ல், ள், ண், ய், ழ் இவற்றில் ஒன்றுதான்.

நடுவில் இன்னும் நல்ல விளையாட்டு இருக்கிறது. க், ச், த், ப் நாலுக்கும் அடுத்து அதே வரிசைதான் வரும்: க்க, ச்ச, த்த, ப்ப. பக்தி, சக்தி போன்ற வடசொற்கள் விலக்கு. ங் வந்தால் அடுத்தது க வரிசை. ந் வந்தால் த வரிசை, எப்போதாவது வெந்நீர் போல ந வரிசை. ஞ் வந்தால் ச வரிசை, விஞ்ஞானம் போலச் சிலவற்றில் ஞ. ர், ழ் இரண்டும் இரட்டிக்காது. இரண்டு புள்ளியெழுத்து அடுத்தடுத்து நின்றால் முன்னால் நிற்பது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: வேய்ங்குழல், பார்த்தல், வாழ்த்து. இது தெரிந்த நாளிலிருந்து வெறுங்கட்டம் எனக்கு வெறுமையாகத் தெரிந்ததே இல்லை.

ஒரு கட்டத்தை நிரப்பிப் பார்ப்போம்

பழகுவதற்காக நான் கீறிய சின்னக் கட்டம் இது. ■ அடைத்த கட்டம், □ எழுத வேண்டிய கட்டம். எண் உள்ள இடத்திலும் எழுத வேண்டும்.

1 □ □ 2 □ 3
□ ■ ■ □ ■ □
4 □ 5 □ ■ ■
■ ■ □ ■ ■ ■
6 □ □ □ ■ ■

இடமிருந்து வலம்
1. கருப்பநீரைக் காய்ச்சி எடுப்பது, குட்டானில் விற்கும்.
4. நெற்றியில் துலங்குவது.
6. கொண்டாட்ட வீட்டு வாசலில் தொங்கும் (குழம்பியுள்ளது).

மேலிருந்து கீழ்
1. சூரியன்.
2. யானை.
3. கூழுக்குப் பேர்போன மாதம் (தலைகீழாக உள்ளது).
5. நவரத்தினங்களில் ஒன்று.

வாசிப்பை நிறுத்திவிட்டு நீங்கள் ஒருமுறை முயன்று பாருங்கள். பிறகு தொடரலாம்.

சரி. இடமிருந்து வலம் 1 ஆறு கட்டம். பனங்கட்டி: ப, ன, ங், க, ட், டி. பொருந்துகிறது. ஆனால் கருப்பட்டியும் ஆறுதான், முடிவும் அதே ட், டி. குட்டான் (பனையோலையில் இழைத்த சின்னப் பெட்டி) என்று குறிப்பில் வந்ததால் நம் ஊர்ச் சொல்லான பனங்கட்டிக்கே என் மனம் சாய்கிறது. என்றாலும் மெல்லிதாகத்தான் எழுதுவேன்.

மேலிருந்து கீழ் 1, சூரியன், மூன்று கட்டம். ஆதவன் நாலு, கதிரவன் ஐந்து, பகலவன் ஐந்து, மூன்றும் போகட்டும். மிச்சம் ஞாயிறு, பரிதி, இரவி. இப்போது ஒரு கணம் பனங்கட்டியை மறந்துவிடுங்கள். இந்தச் சொல்லின் மூன்றாம் கட்டத்தில் 4 என்ற எண் இருக்கிறது, அங்கே இன்னொரு சொல் தொடங்குகிறது. ஞாயிறு என்று எழுதினால் அந்தச் சொல் 'று' என்று தொடங்க வேண்டும். தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை. ஞாயிறு போயிற்று. இரவி என்றால் 'வி'. நெற்றியில் விபூதி உண்டு, ஆனால் அது மூன்று கட்டம், எங்களுக்கு நாலு வேண்டும். பரிதி என்றால் 'தி'. இதுதான் வழி. பரிதியின் ப, பனங்கட்டியின் ப. கருப்பட்டியும் இத்துடன் போயிற்று. அகராதி புரட்டுபவர்கள் கனலி என்றும் சூரியனுக்கு ஒரு பெயர் உண்டே, அது க என்று தொடங்குகிறதே என்பார்கள். அப்போது 4 'லி' என்று தொடங்க வேண்டிவரும். நெற்றியில் அப்படி எதுவும் துலங்குவதாக நான் அறியேன்.

இப்போது 4. தி என்று தொடங்கி நாலு கட்டம். பொட்டு மூன்று, சந்தனமும் குங்குமமும் ஐந்து. திலகம் நாலு! அவசரப்படாதீர்கள். யானையைப் பாருங்கள்: க என்று தொடங்கும் மூன்று கட்டம். வேழம், தும்பி முதலெழுத்தாலேயே விழுந்தன. களிறு இருக்கிறது, கயமும் இருக்கிறது. கயம் என்று போட்டால் கடைசியில் ம், திலகத்தின் கடைசியிலும் ம். இரண்டும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. புதியவர்கள் இந்த இடத்தில் சந்தோசத்தில் அழுத்தி எழுதிவிடுவார்கள். நானும் எத்தனையோ தடவை எழுதி, தாள் கிழியக் கிழிய அழித்திருக்கிறேன்.

5ஐக் கேளுங்கள். அது 4இன் மூன்றாம் எழுத்திலிருந்து கீழே இறங்குகிறது, மூன்று கட்டம். நவரத்தினத்தில் மூன்று கட்டத்துக்கு அடங்குபவை வைரம், முத்து, நீலம். திலகத்தின் மூன்றாம் எழுத்து க. க என்று தொடங்கும் மூன்றெழுத்து மணி ஒன்பதில் இல்லை. அப்படியானால் நெற்றியில் துலங்கும் அந்த நாலெழுத்தின் மூன்றாவது வை, மு, நீ இவற்றில் ஒன்று. தி, ஏதோ ஒன்று, நீ, ஏதோ ஒன்று. திருநீறு! கடைசி 'று' வந்து களிறை உறுதிப்படுத்துகிறது, கயம் விலகுகிறது. ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு பிழையை மூன்றாவது ஒரு சொல்தான் காட்டிக்கொடுத்தது. ஆகவே ஒரு சொல்லை இரண்டு பக்கம் வெட்டிப் பார்க்கும்வரை அது முடிவு அல்ல.

குழம்பியதும் திரும்பியதும்

நம் பத்திரிகைக் கட்டங்களில் அடைப்புக்குள் வரும் 'குழம்பியுள்ளது', 'திரும்பியுள்ளது', 'தலைகீழாக உள்ளது' என்ற சொற்களைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். திரும்பியது எளிது. விடையைக் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான். திருப்புவது எழுத்தை, உருவத்தை அல்ல. மாலை திரும்பினால் லைமா. திருஞானசம்பந்தர் மாலைமாற்று பாடிய மொழி இது, முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக நிற்கும் பாட்டு. அந்தக் கணக்குத்தான் இங்கும்.

ஏன் திருப்புகிறார்கள் என்று எங்கள் 3ஐப் பார்த்தால் தெரியும். பனங்கட்டியின் கடைசி டியிலிருந்து ஒரு சொல் கீழே இறங்க வேண்டும். டி என்று தொடங்கும் நல்ல தமிழ்ச் சொல் கிடைக்காது. ஆனால் டி என்று முடியும் சொல் கிடைக்கும். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் அவிக்காத வீடு நம் ஊரில் குறைவு. ஆடியைத் தலைகீழாக்கினால் மேலே டி, கீழே ஆ. ஒரு சொல் தொடங்க முடியாத எழுத்தில் தொடங்குவதுபோலத் தெரிந்தால், குறிப்பின் அடைப்பை இன்னொருமுறை வாசியுங்கள்.

குழம்பியது வேறு மாதிரி. எழுத்துகள் எந்த ஒழுங்கிலும் நிற்கலாம், மேலே சொன்ன சட்டங்கள் ஒன்றும் அங்கே செல்லாது. விடையைக் கண்டுபிடித்தாலும் கட்டத்தில் எழுதாமல் ஓரத்தில் எழுதிவையுங்கள். 6இன் மூன்றாம் கட்டத்தில் நீலத்தின் ம் இறங்கியிருக்கிறது. வாசலில் தொங்குவது, நாலு எழுத்து, அதில் ஒன்று ம்: குருத்தோலையில் கட்டும் தோரணம். ம் மூன்றாவது என்பது மட்டும்தான் உறுதி. தோ, ர, ண மூன்றும் எந்த ஒழுங்கில் நிற்கும் என்பதை இந்தச் சின்னக் கட்டம் சொல்லாது. பேப்பரில் வரும் பெரிய கட்டத்தில் மற்ற மூன்றையும் வெட்டும் சொற்கள் பெரும்பாலும் இருக்கும். அவை விழுந்த பிறகே நிரப்புங்கள்.

தட்டிப்போய் நிற்கும்போது

மூடிவைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். கிணற்றடியில் நிற்கும்போது வராத சொல் வரும். பின்னேரம் வரை வராவிட்டால் வீட்டில் வயதானவர்களிடம் கேளுங்கள், இதில் வெட்கம் இல்லை. குறிப்பை முழுதாகச் சொல்லாமல், 'காற்றுக்கு இன்னொரு பெயர் என்ன அம்மம்மா?' என்று கேட்டால் வளி, கால், பவனம் என்று மூன்று வரும். எது பொருந்தும் என்று நீங்கள் பாருங்கள்.

அகராதி பார்ப்பதைக் களவு என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே பொருளுக்குப் பல பெயரைத் திரட்டிவைப்பது நம் நிகண்டுகளின் வேலையே. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியில் நாலு பகுதி: பெயர், பொருள், தொகை, தொடை. பெயர்ப் பகுதி ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தரும், தொகைப் பகுதி இருசுடர், முக்கனி என்று எண்ணால் சேர்ந்தவற்றைத் தரும். குறுக்கெழுத்துக்காரருக்கு இவை இரண்டும் புதையல். யாழ்ப்பாணத்துக்கும் இதில் பங்குண்டு. 1842இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதி, 58,000க்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டியது. அடுத்தமுறை அகராதி திறந்தால் தேடிய சொல்லோடு மூடிவிடாமல், அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல்லைக் கொப்பியில் எழுதுங்கள். யானைக்கு ஒரு பக்கம், கடலுக்கு ஒரு பக்கம், தாமரைக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கட்டக் கணக்கையும் போடுங்கள்: கரி 2, வேழம் 3, வாரணம் 4, குஞ்சரம் 5. கட்டம் அமைப்பவர்களுக்குப் பிடித்த சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்று மாதத்தில் உங்களுக்கென்று ஒரு நிகண்டே சேர்ந்துவிடும்.

ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் வைர வடிவில் போட்ட கட்டம்தான் இன்றைய குறுக்கெழுத்துக்குத் தொடக்கம். அது நம் கைக்கு வந்தபோது உயிர்மெய்யும் நிகண்டும் சேர்ந்து வேறொரு விளையாட்டாகிவிட்டது. ஆங்கிலக் கட்டம் நிரப்பிப் பழகியவர்கள் தமிழில் முதல் கிழமை தடுமாறினால் மனம் தளர வேண்டாம்.

தினசரிக் கட்டம் போதாது என்பவர்கள், நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். ஒரு இதழின் கட்டத்தை முயன்றுவிட்டு, விடை வரும் இதழைத் தேடிச் சரிபார்க்கலாம். பரிசுப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிகளை முழுதாக வாசித்துவிட்டு, முடிவுத் திகதிக்கு நாலு நாள் முன்னதாகவே தபாலட்டையைப் போட்டுவிடுங்கள். அனுப்பும் பிரதியில் மட்டும் பேனையால் எழுதுங்கள். புள்ளி வைக்க மறக்க வேண்டாம். ம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ம என்று போனால் அந்தக் கட்டம் பிழைதான்.

விடை வந்ததும் அம்மம்மா செய்வதையே நானும் செய்கிறேன். சரியாக வந்ததை அவர் பார்ப்பதே இல்லை. விட்டுப்போன சொற்களை மட்டும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் குறிப்பையும் எழுதிவைப்பார். அவருடைய கொப்பியில் 'முளரி, தாமரை' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. நாலாவது இடத்தில் இல்லை.